கேள்வி கேட்ட இளைஞர் எங்கே?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: "பல ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்து வருகிறேன். பல சபைகளைச் சேர்ந்தவர்கள் இருக்கும் ஓர் இணையவழி வேதபாடக் குழுவில், உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. அண்மையில் ஓர் இளைஞர், யூதாவின் ராஜாவாகிய அகசியா ராஜாவானபோது அவருக்கு வயது இருபத்திரண்டா, நாற்பத்திரண்டா என்று கேட்டார். 'அது பிரதி எடுத்தவர்களின் பிழை' என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். வேதத்தில் பிழை இருப்பதாக நான் போதிக்கிறேன் என்று மூத்த சகோதரர் ஒருவர் கொதித்தெழுந்தார். அவருக்குத் தனியாக அனுப்பிய விளக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மற்ற குழுக்களில் பரப்பிவிட்டார். இந்தச் சந்தடியில் வேறு இருவர் குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றிச் சண்டை தொடங்கிவிட்டார்கள். நான் மறுப்பு எழுதுவதா, பொறுத்துப்போவதா, பொறுப்பிலிருந்து விலகிவிடுவதா? கிறிஸ்தவர்களுக்குள் ஒருமைப்பாடு என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதானா?"

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் பத்தியில் வருகிற அந்த இளைஞரை அதற்குப் பிறகு எங்குமே காணோம். மூத்த சகோதரர் எழுதியவை, உங்கள் பக்கம் நின்றவர்கள், மௌனமாக விலகிக்கொண்டவர்கள் என எல்லாமே நாள்வாரியாக இருக்கின்றன; அகசியாவின் வயதைக் கேட்டவர் என்ன ஆனார், அவருக்குத் தெளிவு கிடைத்ததா என்பது மட்டும் இல்லை. இதை உங்கள்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. இறையியல் மாணவர்களுக்குப் பழைய ஏற்பாட்டைக் கற்பிப்பதிலும், சபைகளிலிருந்து வரும் கேள்விக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதிலும் என் காலத்தில் பெரும்பகுதியைச் செலவிட்ட நானும் இதே இடத்தில் பலமுறை சறுக்கியிருக்கிறேன். வாதம் சூடேறிவிட்டால் எதிரில் நிற்பவரின் முகம்தான் பெரிதாகத் தெரியும். கேட்டவர் கூட்டத்துக்குப் பின்னால் போய்விடுவார். நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது கேட்டவருக்கே என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டால், நீங்கள் என்னிடம் கேட்டவற்றில் பாதி தானே தீர்ந்துவிடும்.

ஆகவே அவருடைய கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2 இராஜாக்கள் 8:26, அகசியா ராஜாவானபோது அவருக்கு வயது 22 என்கிறது. 2 நாளாகமம் 22:2, 42 என்கிறது. இதில் எது பொருந்தும் என்பதைக் கண்டுபிடிக்க நாளாகமத்தைவிட்டு வெளியே போகவே வேண்டியதில்லை. முந்தின அதிகாரத்தின் கடைசி வசனத்தில், அகசியாவின் தகப்பனாகிய யோராம் 32 வயதில் ராஜாவாகி 8 ஆண்டுகள் அரசாண்டார் என்று இருக்கிறது. அப்படியானால் அவர் இறக்கும்போது வயது 40. 22:1 அகசியாவை அவருடைய இளைய குமாரன் என்கிறது. நாற்பது வயதில் இறந்த ஒருவருக்கு நாற்பத்திரண்டு வயதில் மகன், அதுவும் இளைய மகன், இருக்க முடியாது. பழைய சிரியாக் மொழிபெயர்ப்பில் இந்த இடத்தில் 22 என்றே இருக்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பின் முக்கியப் பிரதிகளில் 20 என்று இருக்கிறது. எபிரெயப் பிரதிகளில் 42 என்று இருப்பதால், அவற்றை அடியொற்றிய நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் 42 என்று வந்திருக்கிறது. அந்த எண் அகசியாவின் வயதையல்ல, அவருடைய தாய்வழி வம்சம் ஆட்சிக்கு வந்ததிலிருந்து எண்ணப்பட்ட ஆண்டுகளைக் குறிக்கிறது என்று பழைய உரையாசிரியர்கள் சிலர் விளக்கியதும் உண்டு. அந்த விளக்கம் எனக்கு வலிந்து சொன்னதாகவே படுகிறது. எங்கோ ஒரு காலத்தில் பிரதி எடுத்த கை தவறியது என்பதே எளிய விளக்கம்.

அப்படியானால் உங்கள் பதில் சரிதான். ஆனால் அது பதிலின் கடைசி வரி மட்டுமே. அதற்கு முந்தைய வரிகளை நீங்கள் உங்கள் மனதிலேயே வைத்துக்கொண்டீர்கள். மேலே நான் போட்டுக் காட்டிய கணக்கை அந்த இளைஞர் தம் கையாலேயே போட்டுப் பார்த்திருந்தால், வேதத்தை எப்படிக் கவனித்துப் படிப்பது என்பதையும் சேர்த்தே கற்றிருப்பார். அதை விட்டுவிட்டு 'பிழை' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்தபோது, அந்தச் சொல்லை ஒவ்வொருவரும் தத்தம் பயத்துக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டார்கள். மூத்த சகோதரரின் காதில் 'வேதம் பொய்' என்று விழுந்திருக்கிறது. அவருடைய பயத்தைக் கேலிசெய்ய எனக்கு மனம் வரவில்லை. தம் வாழ்க்கை முழுவதையும் ஒரு புத்தகத்தின்மேல் கட்டிய மனிதர், அதன் அஸ்திபாரத்தில் யாரோ கடப்பாரையை வைப்பதாக நினைத்துத் துடித்திருக்கிறார். வேதத்தின் பிழையின்மையை மிகக் கண்டிப்பாகப் பேசிய 1978-ஆம் ஆண்டின் சிகாகோ அறிக்கைகூட, தேவ ஏவுதல் என்பது கண்டிப்பான பொருளில் மூலப்பிரதிகளுக்கே உரியது என்று தன் பத்தாம் பிரிவில் சொல்லியிருக்கிறது என்பதை அவருக்கு யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்லியிருந்தால், கோபம் அவ்வளவு தூரம் போயிருக்காது என்று நினைக்கிறேன்.

இனி ஞானஸ்நானச் சண்டைக்கு வருகிறேன். வசனம் சொல்வது, வசனத்திலிருந்து நாம் ஊகிப்பது, நம் சபை போதிப்பது என்ற மூன்றும் பெரும்பாலான சண்டைகளில் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு எறியப்படுகின்றன. பதில் எழுதுகிறவரின் முதல் வேலை அந்த மூட்டையைப் பிரிப்பது. அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் லீதியாளும் அவள் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள், சிறைச்சாலைக்காரனும் அவனுடையவர்கள் அனைவரும் பெற்றார்கள் என்று இருக்கிறது. இது வசனம். அந்த வீடுகளில் கைக்குழந்தைகள் இருந்தார்கள் என்பதும் இல்லை என்பதும் ஊகம். அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஏறக்குறைய கி.பி. 200-இல் எழுதிய வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், சிறுபிள்ளைகளின் ஞானஸ்நானத்தைத் தள்ளிவைப்பதே நல்லது என்று வாதிட்டிருக்கிறார். அப்படி வாதிட வேண்டியிருந்தது என்பதே அந்த வழக்கம் அன்று இருந்ததற்குச் சான்று என்று ஒரு தரப்பும், அதை எதிர்த்த குரல் அவ்வளவு முன்னதாகவே எழுந்ததற்குச் சான்று என்று மறுதரப்பும் அதே பக்கத்தைத் தங்களுக்காகப் பயன்படுத்துகின்றன. இரண்டுமே நியாயமான வாசிப்புகள்தான். இவ்வளவையும் நேர்மையாக எடுத்து வைத்த பிறகு, "எங்கள் சபை இப்படிப் போதிக்கிறது, நானும் இன்ன காரணத்தால் அதை ஏற்கிறேன்" என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். நடுநிலை என்ற பெயரில் சொந்த நம்பிக்கையை ஒளித்துவைப்பது நேர்மையும் ஆகாது, யாருக்கும் உதவவும் உதவாது.

அந்த இருவரிடமும் இன்னொன்றையும் சொல்லிப் பாருங்கள். குழந்தைகளுக்கல்ல, விசுவாசித்தவர்களுக்கே ஞானஸ்நானம் என்று நின்ற பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர அதிகாரிகள் கை கால்களைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றவர்களும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களே. சில ஆண்டுகளுக்கு முன்வரை மான்ஸும் அந்நகரத்தின் சீர்திருத்தத் தலைவர் சுவிங்லியும் சேர்ந்து வேதம் படித்தவர்கள். இவ்வளவு விலை கொடுக்கப்பட்ட ஒரு விஷயத்தை, சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியில் நான்கு வரி தட்டி முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

மொழிபெயர்ப்பைப் பற்றிய சண்டையும் ஸ்கிரீன்ஷாட்டும் உங்கள் காலத்துக் கண்டுபிடிப்புகள் என்று நீங்கள் எண்ணியிருக்கக்கூடும். பழங்காலத் திருச்சபையின் வேத அறிஞர் ஜெரோம், பழைய ஏற்பாட்டை எபிரெயத்திலிருந்து லத்தீனுக்குப் புதிதாக மொழிபெயர்த்தபோது, யோனாவுக்கு நிழல் கொடுத்த செடியைச் சுரைக்கொடி என்ற பழகிய சொல்லால் சொல்லாமல் வேறொரு கொடியின் பெயரை இட்டார். வட ஆப்பிரிக்காவின் ஓயா நகரத்தில், அதாவது இன்றைய திரிப்போலியில், ஒரு பேராயர் அந்த மொழிபெயர்ப்பைச் சபையில் வாசிக்கச் செய்ததும் மக்கள் கொந்தளித்தார்கள். சபையே கையைவிட்டுப் போய்விடும் என்று பயந்து அவர் பின்வாங்க வேண்டியதாயிற்று. ஏறக்குறைய கி.பி. 403-இல், வட ஆப்பிரிக்காவில் பேராயராக இருந்த அகுஸ்தீன் இதை ஜெரோமுக்கே எழுதித் தெரிவித்திருக்கிறார். அந்தச் செடிக்கு நம் பழைய தமிழ் வேதாகமம் ஆமணக்கு என்று பெயரிட்டிருக்கிறது. நல்லவேளையாக அதற்காக யாரும் தெருவுக்கு வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஜெரோமுக்கும் அகுஸ்தீனுக்கும் இடையே அதற்கு முன்பே ஒரு மனத்தாங்கல் இருந்தது. அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் கண்டித்தது ஓர் ஏற்பாட்டின்படி நடந்த பாவனைதான் என்று ஜெரோம் உரை எழுதியிருந்தார். அப்படியானால் வேதமே பொய் சொன்னதாகிவிடாதா என்று அகுஸ்தீன் அவருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் பெத்லகேமில் இருந்த ஜெரோமின் கைக்குப் போய்ச் சேருவதற்குள் அதன் நகல்கள் இத்தாலியில் பலர் கையில் உலாவின. தம்மைப் பற்றிய கண்டனத்தை ஊரார் படித்த பிறகு தாம் படிக்க நேர்ந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஜெரோமின் பதில்கள் சுருக்கென்று தைப்பவை. அகுஸ்தீன் வருத்தம் தெரிவித்தார். தம் கருத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜெரோமும் நீண்ட பதிலில் தம் வாதத்தையே மறுபடியும் நிறுவினார். என்றாலும் கடிதங்கள் நிற்கவில்லை. 415-இல் ஆத்துமாவின் தோற்றத்தைப் பற்றிய கடினமான கேள்வி ஒன்றுக்காக அகுஸ்தீன் ஜெரோமிடமே ஆலோசனை கேட்டு எழுதினார். கருத்து வேறுபாடு தீராமலே உறவு தொடர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்கள் ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு வழி காட்டியிருக்கிறார். இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் முன்பே தெரிந்துகொண்டார் என்ற முன்தீர்மானப் போதகத்தைப் பற்றி அவருக்கும் சக பிரசங்கியார் ஜார்ஜ் விட்ஃபீல்டுக்கும் கருத்து வேறுபாடு முற்றியிருந்த காலத்தில், விட்ஃபீல்டு அவருக்கு அந்தரங்கமாக எழுதிய கடிதத்தை, இருவரின் அனுமதியும் இல்லாமல் யாரோ அச்சிட்டு, வெஸ்லியின் சபையாருக்கே வாசலில் விநியோகித்துவிட்டார்கள். 1741 பிப்ரவரியில் ஒரு ஞாயிறன்று வெஸ்லி நடந்ததைச் சபையாருக்குச் சொல்லி, விட்ஃபீல்டு இங்கே இருந்தால் செய்யக்கூடியதையே நானும் செய்கிறேன் என்று கூறி, அந்தத் தாளை அவர்கள் முன்பாகக் கிழித்துப் போட்டார். வைத்திருந்த மற்றவர்களும் அவ்வாறே கிழித்தார்கள். அந்தக் கடிதம் தம்மைக் கண்டித்து எழுதப்பட்டது என்பதையும் மீறி, அனுப்பியவரின் அந்தரங்கத்தை அவர் காத்தார். கருத்து வேறுபாடு அதன்பிறகும் அப்படியேதான் இருந்தது. 1770-இல் விட்ஃபீல்டு இறந்தபோது அவருக்காக லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.

நீங்கள் கிழித்துப் போட வேண்டிய தாளும் ஒன்று இருக்கிறது. மூத்த சகோதரர் உங்களுக்குத் தனியாக எழுதிய கடுமையான செய்திகளை எனக்குப் படமாக அனுப்பியிருக்கிறீர்கள். ஆலோசனைக்காக என்றாலும் அவை வேறு யாருக்கும் போக வேண்டாம். என்னிடம் உள்ளவற்றை நான் அழித்துவிட்டேன். பொதுவில் மறுப்பு எழுதுவதானால் ஒரே ஒரு முறை, நான்கைந்து வரிகளில், உங்கள் பதில் போதிய விளக்கம் இல்லாமல் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டு, முழு விளக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். அவருடைய பெயரும் அவர் செய்ததும் அதில் வர வேண்டாம். பிறகு அவரைத் தொலைபேசியில் அழையுங்கள். எழுத்தில் கேட்கும்போது முறைக்கிறவர்கள் பலர் குரலில் கேட்கும்போது இறங்கிவருகிறார்கள். அவர் இறங்கிவராவிட்டாலும் நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள். மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்று நீதிமொழிகள் 26:4 சொல்வதை அவர்மேல் வீசிவிடாதீர்கள். அடுத்த வசனமே கொடு என்கிறது, தவிரவும் அந்த வசனத்தைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவரும் தாம் மூடன் இல்லை என்ற எண்ணத்தில்தான் எடுக்கிறார்கள்.

ஒருமைப்பாடு என்றால் வாய்மூடி இருப்பதுதானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்ததாகக் கலாத்தியர் 2:14-இல் அவரே எழுதுகிறார். புறஜாதி விசுவாசிகளை மேசையிலிருந்து ஒதுக்கியது சுவிசேஷத்தையே தொட்ட விஷயம். மத்தேயு 18:15 சொல்லும் தனிச் சந்திப்பு, ஒருவர் உங்களுக்கு விரோதமாகச் செய்த குற்றத்துக்கு உரியது; பொதுவில் போதிக்கப்பட்டதைப் பொதுவிலேயே சீர்தூக்கிப் பார்க்கலாம். ஆனாலும் அப்பொல்லோ ஜெப ஆலயத்தில் குறைவான அறிவோடு போதித்தபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு தனியாகவே திருத்தினார்கள் என்பதைப் பார்க்கும்போது, பொதுவில் திருத்தும் உரிமை இருப்பதனால் மட்டும் அதை ஒவ்வொரு முறையும் பயன்படுத்தியாக வேண்டும் என்று ஆகிவிடாது. கிறிஸ்து தேவகுமாரன் என்பதை ஒருவர் மறுத்தால் அது, பெரும்பாலான சபைகள் பொதுவாக ஏற்கும் பழைய நிசேயா விசுவாசப்பிரமாணத்தின் எல்லைக்கோடு; அங்கே மௌனம் தகாது. அகசியாவின் வயதில் கருத்து வேறுபட்டால், தூங்கி எழுந்து பேசிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் பலர் "அடிப்படையானவற்றில் ஒருமை, சந்தேகமானவற்றில் சுதந்திரம், எல்லாவற்றிலும் அன்பு" என்ற வாக்கியத்தை அகுஸ்தீனின் பெயரில் எடுத்துப் போடுவார்கள். அது அவருடைய எழுத்துகளில் இல்லை; பதினேழாம் நூற்றாண்டில் பிறந்தது. ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த ஒரு சிறிய வாசலின் பெயர் என்ற கதைக்கும் இயேசுவின் காலத்துச் சான்று எதுவும் இல்லை. பதில் எழுதுகிறவர் இப்படிப்பட்டவற்றைச் சரிபார்க்காமல் அனுப்பினால், ஒரு நாள் சரியானதைச் சொல்லும்போதும் நம்புவதற்கு ஆள் இருக்காது.

இனி என்னுடைய தவறு ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர், தற்கொலை செய்துகொண்டவர் பரலோகம் போக முடியுமா என்று ஒரே வரியில் எழுதிக் கேட்டிருந்தார். சவுல், அகித்தோப்பேல், யூதாஸ் ஆகியோரின் முடிவுகளை வேதம் எடுத்துச் சொல்வதையும், அந்தச் செயலுக்கென்று நித்திய தீர்ப்பு எதையும் எந்த வசனமும் அறிவிக்கவில்லை என்பதையும், பிற்காலச் சபை போதகங்களையும் ஆதாரத்தோடு நான்கு பக்கம் எழுதினேன். எழுதியவற்றில் தப்பு இல்லை. அவருடைய தம்பி இறந்து பத்து நாள்கூட ஆகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்ற நீதிமொழிகள் 18:13 அன்று என்னைப் பார்த்தே எழுதப்பட்டது போல இருந்தது. அதற்குப் பிறகு, ஒரு கேள்வி வசனத்தைப் பற்றியதா, அந்த மனிதரைப் பற்றியதா என்று ஐயம் வந்தால், "இதை இப்போது கேட்க ஏதாவது காரணம் உண்டா?" என்று தனியாக விசாரித்துவிட்டே எழுதத் தொடங்குகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்பவரே தம் உயிரைப் பற்றிப் பேசுகிறார் என்று தோன்றினால் விளக்கமெல்லாம் பிறகு. உடனே அவரோடு பேசுங்கள், அருகில் இருக்கக்கூடியவர்களையும் மருத்துவ உதவியையும் தேடுங்கள்.

பொறுப்பிலிருந்து விலக வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் தனியாகச் சுமக்கவும் வேண்டாம். உங்கள் சபையைச் சேராத, நிதானமான ஒருவரிடம் உங்கள் பதிலை அனுப்புவதற்கு முன் காட்டுங்கள். கேள்வி வந்த அன்றே பதில் போயாக வேண்டும் என்ற அவசரத்தையும் விடுங்கள். ஒரே ஆள் ஒரே வாதத்தை மூன்றாம் முறையாகக் கொண்டுவந்தால், தீத்து 3:10-இல் பவுல் வைக்கும் 'இரண்டொருதரம்' என்ற அளவை நினைத்துக்கொண்டு, மரியாதையாக நிறுத்திவிடுங்கள். நிறுத்தியதும் நீங்கள் தோற்றுவிட்டதாக யாராவது அறிவிக்கக்கூடும். அறிவிக்கட்டும்.

இன்று செய்ய வேண்டியது அந்த இளைஞருக்கு எழுதுவது. இப்படித் தொடங்கலாம்: "தம்பி, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, என் பதில்தான் அதற்குப் போதவில்லை. 2 நாளாகமம் 21:20-ஐயும் 22:1-2-ஐயும் அடுத்தடுத்து வாசித்து, யோராம் இறந்தபோது அவருடைய வயது என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், மீதியைச் சேர்ந்து பார்ப்போம்." கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை என்றால் அவர் அதோடு விடமாட்டார், அடுத்தபடியாக யோயாக்கீன் ராஜாவானது எட்டு வயதிலா பதினெட்டு வயதிலா என்று கேட்டு வருவார். அதற்குள் 2 இராஜாக்கள் 24:8-ஐயும் 2 நாளாகமம் 36:9-ஐயும் நீங்கள் ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள்.